தாத்தா கிரேக்கர்... பேத்திக்கு பாஸ்போர்ட் கிடைக்குமா? - வம்சாவளிக் குடியுரிமையின் சட்டமும் சிக்கலும்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், கிரீஸுக்கு வெளியே கிரேக்க வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நகரங்களில் ஒன்று. உலகப் போரும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் கிரீஸை நொறுக்கிப் போட்டிருந்த நேரத்தில், 1952-ல் இரு நாடுகளும் குடியேற்ற ஒப்பந்தம் போட்டன. பிழைப்பு தேடிக் கப்பல் ஏறியவர்களின் பேரன், பேத்திகள் இன்று அங்கே மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஐடி ஊழியர்கள். கிரேக்க மொழியே பேச வராத அவர்களில் பலருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ‘தாத்தா கிரேக்கர்னா, நானும் கிரேக்கக் குடிமகள்தானே?’

சட்டப்படி பதில் பெரும்பாலும் ‘ஆமாம்’. ஆனால், கிரீஸ் அரசு அடுத்த நொடியே கேட்பது: ‘காகிதம் எங்கே?’

சட்டம் என்ன சொல்கிறது?

கிரீஸில் குடியுரிமை ரத்த உறவு வழியாக வருகிறது. தாயோ தந்தையோ கிரேக்கக் குடிமகனாக இருந்தால், குழந்தை எந்த நாட்டில் பிறந்தாலும் பிறந்த நொடியிலேயே கிரேக்கக் குடிமகன். இதில் ‘இத்தனை தலைமுறை வரைதான்’ என்ற உச்சவரம்பு கிடையாது. இன்னொரு நாட்டின் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் கிரீஸ் கேட்பதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அரசு புதிதாகக் குடியுரிமை வழங்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதை உறுதிசெய்து பதிவேட்டில் ஏற்றுகிறது, அவ்வளவுதான். அதனால் மொழித்தேர்வு, ‘இத்தனை வருடம் கிரீஸில் வசித்திருக்க வேண்டும்’ போன்ற நிபந்தனைகள் எதுவும் வம்சாவளிக்காரர்களுக்கு இல்லை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது.

சங்கிலி எங்கே அறும்?

கிரேக்கர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நகராட்சியின் குடும்பப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆண்களுக்குக் கூடுதலாக ‘ஆண்கள் பதிவேடு’ என்று ஒன்று தனியாக உண்டு. தாத்தாவின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால், அவருடைய திருமணம், அப்பாவின் பிறப்பு, அப்பாவின் திருமணம், பேத்தியின் பிறப்பு என ஒவ்வொரு நிகழ்வையும் வரிசையாகப் பதிய வேண்டும். அப்பாவைத் தாண்டி, தாத்தாவிலிருந்து நேராகப் பேத்திக்குத் தாவ முடியாது.

வெளிநாட்டில் நடந்த பிறப்பு, திருமணங்களைப் பதிய ஏதென்ஸில் தனிப் பதிவு அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் பெரும்பாலும் துணைத் தூதரகம் வழியாகத்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகள் தரும் சான்றிதழ்களுக்கு 1961 ஹேக் உடன்படிக்கைப்படி ‘அப்போஸ்டில்’ முத்திரை வாங்கி, அதிகாரபூர்வ கிரேக்க மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும்.

பலருக்கும் முட்டுக்கட்டை பெயரில்தான் வருகிறது. ‘பாபடோபுலோஸ்’ என்று கப்பல் ஏறியவர், வாயில் நுழையாத பெயர் என்று முதலாளி சுருக்கிக் கூப்பிட, ‘பாப்பாஸ்’ ஆகியிருப்பார். ‘யோர்கோஸ்’ ஆஸ்திரேலிய ஆவணங்களில் ‘ஜார்ஜ்’ ஆகியிருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காகிதத்தில் நிரூபிக்கிற பொறுப்பு பேரன், பேத்தி தலையில்.

திருமணத்திலும் ஒரு பழைய பிரச்சினை உண்டு. கிரீஸில் சிவில் திருமணம் சட்டபூர்வமானது 1982-ல்தான். அதற்கு முன் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் ஒருவர் தேவாலயத்தில் பாதிரியார் முன் மணமுடித்தால்தான் அது திருமணம். ஆக, 1960-களில் மெல்போர்ன் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நடந்த கல்யாணத்தைக் கிரேக்கச் சட்டம் அப்போது கல்யாணமாகவே பார்க்கவில்லை. பின்னாளில் இதற்குத் தீர்வு வந்துவிட்டது. ஆனாலும், பழைய திருமணங்களைப் பதியும்போது அது எங்கே, எந்த முறையில் நடந்தது என்ற கேள்வி இன்றும் எழுகிறது.

அம்மா வழி என்றால்?

நீண்ட காலமாகக் கிரேக்கக் குடியுரிமை தந்தை வழிச் சொத்தாகவே இருந்தது. முறைப்படி திருமணமான தம்பதியில் தந்தை வெளிநாட்டவர் என்றால், தாய் கிரேக்கராக இருந்தும் பொதுவாகக் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்காது. 1984-ல் வந்த சட்டத் திருத்தம்தான் இதை மாற்றியது. அந்த ஆண்டு மே 8 முதல் தாயும் தந்தையும் சமம்.

அதற்கு முன் கிரேக்கத் தாய்க்குப் பிறந்தவர்கள்? அவர்களுக்கும் கதவு மூடப்படவில்லை. ‘கிரேக்கக் குடியுரிமை வேண்டும்’ என்று முறைப்படி அறிவித்து விண்ணப்பிக்கலாம். ஆனால், இது பிறப்பிலிருந்து தானாக வருகிற உரிமை அல்ல. கேட்டுப் பெறுகிற உரிமை. 1983-ல் பிறந்த அக்காவும் 1985-ல் பிறந்த தம்பியும் ஒரே தாயின் பிள்ளைகள்தான். ஆனால், சட்டத்தின் முன் இருவர் பாதையும் வேறு வேறு.

ராணுவ சேவை: ஆண்கள் கவனிக்க!

கிரீஸில் ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். 19 வயதில் தொடங்கி 45 வயது வரை அந்தக் கடமை தொடரும். பாஸ்போர்ட் வாங்கும் உற்சாகத்தில் பலரும் மறக்கிற விஷயம் இது. ‘வெளிநாட்டில் நிரந்தரமாக வசிப்பவர்’ என்று சான்றிதழ் வாங்கினால் சேவையைத் தள்ளிப்போடலாம். அப்போதும் ஆண்டுக்கு ஆறு மாதங்களுக்கு மேல் கிரீஸில் தங்கக் கூடாது. ‘ஏதென்ஸ்ல செட்டில் ஆயிடலாம்’ என்று கிளம்பும் 28 வயது இளைஞர் ராணுவ அலுவலகக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வரி விஷயத்தில் பயம் தேவையில்லை. அமெரிக்காவைப் போலக் குடியுரிமையை வைத்துக் கிரீஸ் வரி கேட்பதில்லை. எங்கே வசிக்கிறார், எங்கே சம்பாதிக்கிறார் என்பதே கணக்கு.

ஏன் இவ்வளவு ஆர்வம்?

கிரேக்கக் குடியுரிமை என்றால் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையும்தான். பெர்லினிலோ பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ, 27 நாடுகளில் எங்கும் விசா இல்லாமல் வசிக்கலாம், வேலை பார்க்கலாம். கூடவே ஓட்டுரிமையும் வருகிறது. 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில்தான் கிரீஸ் முதல் முறையாகத் தபால் ஓட்டை அனுமதித்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். முதலீடு செய்து வாங்கும் ‘கோல்டன் விசா’ வெறும் வசிப்பிட அனுமதிதான். அது வம்சாவளிக் குடியுரிமையும் அல்ல, பாஸ்போர்ட்டும் அல்ல. ‘வீடு வாங்கினா பாஸ்போர்ட்’ என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் உஷாராக இருப்பது நல்லது.

கிரேக்க ரத்தம் இருந்தால் போதுமா?

போதாது. ‘கிரேக்க இனத்தவர்’ என்பதும் ‘கிரேக்கக் குடிமகன்’ என்பதும் சட்டத்தில் இரண்டு வேறு விஷயங்கள். ஒட்டோமான் பேரரசின் ஸ்மிர்னா நகரிலிருந்து நேராக அமெரிக்கா போன கிரேக்கர் ஒருவர், கிரீஸ் நாட்டுக் குடிமகனாக ஒரு நாளும் இருந்திருக்கமாட்டார். அவருடைய வாரிசுகள் பதிவேட்டில் தேடினால் பெயர் கிடைக்காது. இப்படிப்பட்ட கிரேக்க இனத்தவர்களுக்கு வெளிநாட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கும் தனி வழி உண்டு. ஆனால், அது புதிதாகக் குடியுரிமை கோருவது. முடிவு அரசின் கையில்.

நாணயத்தின் மறுபக்கம்

நான்கு தலைமுறைக்கு முன் ஊரைவிட்டுப் போனவரின் வாரிசைக் ‘குடிமகன்’ என்று அரவணைக்கும் இதே நாடு, சொந்த மண்ணில் இருந்தவர்களை வெளியே தள்ளியும் இருக்கிறது. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு, கிரேக்க இனத்தவர் அல்லாத ஒருவர் ‘திரும்பும் எண்ணமின்றி’ நாட்டைவிட்டுப் போனதாக அதிகாரிகள் கருதினால் குடியுரிமையைப் பறிக்க இடம் கொடுத்தது. சுமார் 60,000 பேர் இப்படிக் குடியுரிமை இழந்தார்கள். பெரும்பாலோர் மேற்குத் திரேஸ் பகுதி முஸ்லிம்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகப் பலர் நின்றார்கள். 1998-ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே இழந்தவர்களுக்கு அது தானாகத் திரும்பி வரவில்லை.

கூடைப்பந்து நட்சத்திரம் யானிஸ் அடெட்டோகும்போவின் கதை உலகறிந்தது. 1994-ல் ஏதென்ஸில் பிறந்து, அங்கேயே படித்து வளர்ந்தவர். பெற்றோர் நைஜீரியர்கள் என்பதால் 2013 வரை அவருக்குக் கிரேக்கக் குடியுரிமை இல்லை. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணி அவரைத் தேர்வு செய்தது. குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தர 2010-ல் கொண்டுவந்த சட்டத்தை, கிரீஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்றது. பிறகு 2015-ல், பள்ளிப் படிப்பை அடிப்படையாக வைத்துப் புதிய சட்டம் வந்தது. ‘யார் கிரேக்கர்? ரத்தமா, வளர்ந்த மண்ணா?’ என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

மற்ற நாடுகள் எப்படி?

அயர்லாந்தில் தாத்தா அல்லது பாட்டி அங்கே பிறந்திருந்தால் பதிவு செய்து குடியுரிமை பெறலாம். இத்தாலியில் தலைமுறை வரம்பே இல்லாமல் இருந்தது. 2025 மார்ச்சில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, தாத்தா-பாட்டி தலைமுறையோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவிலும் இதே கதை உண்டு. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அம்மா வழியிலும் குடியுரிமை என்று ஆனது 1992 டிசம்பரில்தான். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களை, ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பது விதி. தாமதமானால் மத்திய அரசின் அனுமதி தேவை. இரட்டைக் குடியுரிமையோ அறவே கிடையாது.

கிரீஸ் இதுவரை தலைமுறை வரம்பு வைக்கவில்லை. ஆனால், இத்தாலியில் அந்தக் கதவு ஒரே இரவில் பாதி மூடியதை உலகம் பார்த்தது. அதைவிட உறுதியான இன்னொரு கெடு இருக்கிறது. எந்த கிராமம், எந்த தேவாலயம், கப்பல் ஏறும்போது என்ன பெயர் என்பதெல்லாம் ஞாபகமாக இருப்பது வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும்தான். தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும் முன் பேரன், பேத்திகள் உட்கார்ந்து பேச வேண்டியது அவர்களோடுதான்.