குழாய்க்கு வழி எங்கே?

துணி உலர்த்தும் டிரையர் பழுதாகிவிட்டால், அதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு கட்சி இருக்கிறது. கடைக்காரர் முதல் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற என்ஜினீயர் வரை அந்தக் கட்சிதான். "பழகின சாமான், விலையும் சல்லிசு, வேறென்ன வேண்டும்?" என்கிறார்கள். நான் இந்தக் கட்சிக்குப் பரம விரோதி.

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் கொடி கட்டக் கூடாது. கட்டடத்தின் அழகு கெட்டுவிடுமாம். சங்கத்தார் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வேட்டியும் புடவையும் காற்றில் ஆடுவதை அசிங்கம் என்று கண்டுபிடித்த அந்தப் பெரியவர்களின் ரசனையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியும் உதவாது. ஆகவே டிரையரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த டிரையர் என்பதுதான் சண்டை.

பழைய ரகம் அறைக் காற்றை இழுத்துச் சூடாக்கி, துணிக்குள் செலுத்தி, ஈரத்தோடு குழாய் வழியே வெளியே தள்ளும். வெளிச்சுவரை ஒட்டி வைக்க இடமிருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். எங்கள் வீட்டில் அது நிற்கிற மூலைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இரண்டு அறைகள். குழாயை எங்கே விடுவது?

கடைப் பையன் சொல்கிறான்: "உள்ளேயே விட்டுடுங்க சார். முன்னாடி ஒரு பக்கெட் தண்ணி வெச்சாப் போதும்."

ஒரு தடவை போடுகிற துணியில் சுமார் 3 லிட்டர் தண்ணீர் இருக்கிறதப்பா! பக்கெட் பஞ்சைப் பிடிக்கலாம், ஆவியைப் பிடிக்குமா? அந்த 3 லிட்டரும் சுவரில் ஏறும், பூசணமாகும். அடுத்த அறையில் இழுப்புக்காரியான என் தாயார் படுத்திருக்கிறாள். சல்லிசு விலையில் மிச்சமாகிற பணத்தை அவளுடைய மருந்துக்குக் கொடுக்கச் சொல்கிறார்களா?

எதிர்வீட்டு என்ஜினீயரின் யோசனை வேறு. மேல்தளத்தோடு ஒட்டி, நாலு இடத்தில் மடக்கி, குளியலறை ஜன்னலில் குழாயை விடலாமாம். ஒவ்வொரு மடக்கிலும் காற்றின் வேகம் குறைகிறது, பஞ்சுத் தூசி தங்குகிறது. அது எளிதில் தீப்பற்றுகிற பண்டம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் போட்ட கணக்கின்படி, 2008 முதல் 2010 வரை அந்நாட்டு வீடுகளில் டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள். காரணங்களில் முதலாவது, சுத்தம் செய்யாமல் விட்டது. அலங்காரத் தட்டிக்கு மேலே ஒளித்து வைத்த குழாயை யார் ஏறிக் கழற்றித் துடைக்கப் போகிறார்கள்? என்ஜினீயரா?

குழாய் இல்லாத ரகங்களிலும் ஏமாறலாம். கண்டென்சர் ரகம், ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும். ஆனால் அறைக் காற்றைக் கொண்டுதான் அது குளிர வேண்டும். சித்திரை மாதத்துச் சென்னை அறைக் காற்று யாரைக் குளிர்விக்கும்? அறைதான் மேலும் வெந்து போகும். துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாகச் செய்கிற இயந்திரங்களில் பல, ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரைச் செலவழிக்கின்றன. 2019 கோடையில் நம் ஏரிகள் வறண்டு, லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊரில் இது அக்கிரமம்.

மிஞ்சுவது ஹீட் பம்ப். குளிர்சாதனப் பெட்டியின் தத்துவம்தான். உள்ளே இருக்கிற அதே காற்றை ஒரு பக்கம் சூடாக்கி, மறு பக்கம் குளிரவைத்து ஈரத்தைப் பிழிந்து, திரும்பச் சூடாக்குகிறது. குழாய் வேண்டாம், மின்சாரமும் ஏறக்குறையப் பாதிதான். 2012-லேயே சுவிட்சர்லாந்தில் புது டிரையர்களுக்கு வைத்த மின்சிக்கன விதியில் தேறியது இந்த ரகம்தான்.

விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவை உலர இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஆகட்டுமே! துணி உலர்ந்த கையோடு எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறோம்? வடிகட்டியையும் உள்ளே இருக்கும் குளிர்ச் சுருளையும் தவறாமல் துடைக்க வேண்டும் என்பதுதான் உண்மையான தொந்தரவு. அதற்காகச் சுருள் கைக்கு எட்டுகிற மாடல்தானா என்று கடையிலேயே கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சங்கத்துக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மாசி முதல் ஆடி வரை மொட்டைமாடியின் வடக்கு மூலையில் நாலு கொடி கட்ட அனுமதி வேண்டும் என்று. அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது. என்ஜினீயர் எதிர்த்துப் பேசப் போகிறாராம்.