முள் என்பது மட்டுமே குற்றமாகுமா?

சேலம், நாமக்கல் சமவெளிகளில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் பாறைக் கரடுகளை ஒன்றுக்கும் உதவாத நிலம் என்றே பேசிப் பழகிவிட்டோம். வீட்டுமனை பிரிக்கப் பொக்லைன் வந்தால், முதலில் பெயர்க்கப்படுபவை அங்குள்ள கள்ளிப் புதர்களே.

கள்ளி என்றதும் பாலைவனத்துப் பீப்பாய்க் கள்ளி நம் நினைவுக்கு வருகிறது. அது அமெரிக்கக் கண்டத்துக்குரியது. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததே. சதுரக்கள்ளியோ இம்மண்ணுக்கே உரியது. ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகளைச் சுருக்கி, பச்சைத் தண்டிலேயே உணவு சமைத்து, அதிலேயே நீரைச் சேமிக்கிறது. பகல் வெப்பத்தில் நீர் வீணாகாதபடி இரவில் நுண்துளைகளைத் திறந்து சுவாசிக்கிறது. இரு கண்டங்களின் வெவ்வேறு குடும்பங்களுக்கு ஒரே வாழ்வு முறையை வழங்கிய அல்லாஹ்வின் வல்லமையை இங்கே காண்கிறோம்.

இத்தகைய முட்புதர்களின் நிழலில், பாறை இடுக்குகளில் கல்லுமுளையான் வளர்கிறது. துவையலுக்கும் ஊறுகாய்க்கும் ஆகும் அதன் சாறு, இன்று உடல் எடை குறைக்கும் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. புதர் போனால் அதன் நிழலும் போய்விடும்.

மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் ஹரம் எல்லைக்குள் முட்செடியைக்கூட வெட்டலாகாது எனத் தடுத்தார்கள். கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் தேவைப்படும் இத்கிர் புல்லுக்கு மட்டும் அப்பாஸ் (ரலி) அவர்கள் விலக்குக் கேட்க, நபியவர்கள் இசைந்தார்கள். இச்சட்டம் ஹரமுக்கே உரியது. நம் கரடுகளுக்கு அதை நாம் நீட்டவில்லை. எனினும் ஒரு பண்பைக் கற்கிறோம்: தேவை இருந்தால் வெட்டலாம், முள் என்பது மட்டுமே வெட்டுவதற்குக் காரணமாகாது.

கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு என்பதும், புதரில் பாம்பு அண்டும் என்பதும் நியாயமான அச்சங்களே. வாசலிலும் நடைபாதையிலும் இருப்பதை அகற்றுவோம். பரவி அழிக்கும் சீமைக்கருவேலத்தையும் அகற்றுவோம். ஆனால் கபர்ஸ்தானைத் துப்புரவு செய்யும் ஜமாஅத்துகள், வழிகளையும் கபுறுகளையும் சீர்செய்தபின், எல்லையோரத்துச் சதுரக்கள்ளியை விட்டுவைக்கலாம். கல்லுமுளையானைப் பறிப்போர் வேரை விட்டு நுனியை மட்டும் கிள்ளலாம். பிள்ளைகளுக்கு இச்செடிகளின் பெயர்களைச் சொல்லித் தரலாம். பெயர் தெரியாததை யாரும் காப்பதில்லை.

பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் மல்லிகை மட்டுமன்று, கள்ளியும் அடங்கும். அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.