வர்றேன், பார்க்கலாமா?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏதாவது ஒரு ஊருக்குப் போகிறோம் என்று முடிவானதும், அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர்கள் யார் யார் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். திண்டுக்கல் போனாலும் அப்படித்தான், கோலாலம்பூர் போனாலும் அப்படித்தான்.

2024 மே மாதம் நாங்கள் மலேசியா போனோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, பெரியம்மா, நான். திருச்சியிலிருந்து கிளம்பும் பேக்கேஜ் டூர். 2023 டிசம்பர் 1-லிருந்து நம்மவர்களுக்கு விசா இல்லாமலே 30 நாள் தங்க மலேசியா அனுமதி கொடுத்தது இல்லையா, அதிலிருந்து எங்கள் தெருவில் ஆளாளுக்கு பத்துமலை முருகன் முன்னால் நின்ற போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

டூர் அட்டவணையில் நாலாவது நாள், புதன்கிழமை, மத்தியானத்துக்கு மேல் "ஷாப்பிங் - ஓய்வு நேரம்" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு ஈப்போ அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தபோது லிச்செஸ்ஸில் செஸ் ஆட ஆரம்பித்தேன். அதில் கடித ஆட்டம் என்று ஒரு வகை உண்டு. ஒரு காயை நகர்த்த இத்தனை நாள் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்டத்துக்கு மூன்று நாள். அந்தக் காலத்தில் போஸ்ட் கார்டில் ஆடுவார்களாமே, அதே கதைதான், தபால்காரர் மட்டும் இல்லை. ஒரு ஆட்டம் முடிய மாசக்கணக்கில் ஆகும். ஆட்டத்தோடு கூடவே பேச்சும் ஓடும். அப்படிப் பழக்கமானவர்தான் அக்கா. ஈப்போவில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், ஆனாலும் "நீங்க" என்றுதான் சொல்வார். தினமும் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று ஒரு மெசேஜ் வரும். அங்கே காலைப் பலகாரத்துக்கு அப்படித்தான் சொல்வார்களாம். முதல் தடவை எனக்குப் புரியவே இல்லை, சாப்பாடு போடப்போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு வாய்... அதாவது விரல், ரொம்ப நீளம். நான் தப்பாக ஒரு காயை வைத்துவிட்டால் போதும். "உங்க குதிரைக்கு வழி தெரியல போல, மேப் போட்டுக் கொடுங்க" என்று வரும். நான் தோற்றதைவிட இந்த மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட நாங்கள் போனில் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை. அது எனக்கு வினோதமாகவே படவில்லை.

"அக்கா, நான் கேஎல் வர்றேன், பார்க்கலாமா?" என்று அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் பதில் போடுகிறவர், ஒன்றரை நாள் கழித்து "சரி, வர்றேன்" என்று மட்டும் போட்டார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. நான் பாட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (மதுரை ஜிகர்தண்டாவை ஃப்ளைட்டில் கொண்டுபோக முடியாது என்பது என் வாழ்நாள் வருத்தம்.)

வீட்டில் சொன்னபோது அம்மா பயந்துவிட்டார். "நெட்ல பழகினவங்களா? கிட்னியை எடுத்துருவாங்கடி!" அம்மாவைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நெட்டில் அறிமுகமான ஆள் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூப்பிட, நம்பிப் போய், மியான்மர் எல்லைக்குள் மோசடிக் கூடாரங்களில் அடைபட்டவர்கள் எத்தனையோ பேர். 2025 மார்ச்சில் மட்டும் அப்படிச் சிக்கிய 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை தாய்லாந்தின் மே சோட் வழியாக விமானப்படை விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால் ஜாக்கிரதையாக இருப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நம்மைக் கூப்பிடுவது யார், டிக்கெட் போடுவது யார், பாஸ்போர்ட்டைக் கையில் கேட்பது யார் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில் பார்க்கவேண்டும், வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், எனக்கும் தெரிந்திருந்தது.

என் கேஸில் தலைகீழ். கூப்பிட்டது நான். பயப்படவேண்டியவர் அந்தப் பக்கம் இருந்தார். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அம்மா கூடவே வருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் மாலின் வாசலில் மூணு மணிக்கு நின்றோம். அக்கா ஈப்போவிலிருந்து ரயிலில் வந்தார். இரண்டரை மணி நேரம். போட்டோவில் பார்த்த அதே முகம். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ப... ப... ப..."

வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடியும் முயற்சி செய்தார். எனக்குப் புரிந்துவிட்டது. "பசியாறிட்டீங்களா?" மத்தியானம் மூணு மணிக்குப் பொருந்தாத கேள்விதான், ஆனால் எங்களுக்குள் அதுதான் வணக்கம். நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "பசிக்குதாம்மா? வா, வா, சாப்பிடலாம், பாவம் எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கே!"

பக்கத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸ், நம் ஊர்க் கடைகளாக இருக்கும் இடம். ஒரு கடையில் உட்கார்ந்தோம். அக்காவுக்குப் பேச்சு திக்கும். சில வார்த்தைகள் சரளமாக வரும், சில வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றுவிடும். தெரிந்தவர்களிடம் குறைவாம், புது ஆளிடம் அதிகமாம் (இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது). அம்மா நல்ல எண்ணத்தில் அவருடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் தானே முடித்துவைத்தார். அக்கா "நான் ஈ..." என்றால் "ஈப்போதானே, தெரியும்மா" என்பார். நானும் சளைக்கவில்லை. அவர் திணறும் இடங்களில் எல்லாம் பதற்றத்தில் நான் லொடலொடவென்று பேசிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் அக்கா பேசுவதையே நிறுத்திவிட்டார். தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது என் போன் அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அக்காவிடமிருந்து மெசேஜ்.

"உங்கம்மா எனக்கு இப்பவே டாக்டர் அப்பாயின்மென்ட் வாங்கிடுவாங்க போலிருக்கே."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து டேபிள்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மெசேஜிலேயே பேசினோம். என் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதிர்ல ஆளை வச்சுக்கிட்டு எதுக்குடி போனை நோண்டுறீங்க?" என்று என் தொடையைக் கிள்ளினார். என் நாலு வருஷத்து அக்கா அந்த போனில்தான் இருந்தார் என்பதை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்று ராத்திரி ஓட்டலுக்கு வந்த பிறகு அவரிடமிருந்து இன்னொரு மெசேஜ். "ரெண்டு நாளா தூங்கல. முடியாதுன்னுதான் சொல்ல நினைச்சேன். நீங்க அவ்ளோ தூரத்துலேருந்து வர்றீங்க, எப்படிச் சொல்றது?" அன்றைக்குச் சம்பளம் இல்லாத லீவு போட்டிருந்தார் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்குத்தானே சுற்றுலா, அவருக்கு அது சாதாரணப் புதன்கிழமை.

நான் இதை எழுதுவதே அந்த "அவ்ளோ தூரத்துலேருந்து" என்ற வார்த்தைக்காகத்தான். நான் கடல் தாண்டியது பத்துமலையில் 272 படி ஏறவும், பெரியம்மாவுக்குப் பெருமை சேர்க்கவும். அக்காவுக்காக இல்லை. ஆனால் அந்தத் தூரம் முழுக்க அவர் தலையில் கடனாக ஏறிவிட்டது. உள்ளூர்க்காரி கேட்டிருந்தால் "இந்த வாரம் வேலை இருக்கு" என்று தட்டிக் கழித்திருப்பார். வெளிநாட்டிலிருந்து வருகிறவளிடம் அப்படிச் சொல்ல முடியுமா? வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம், ஈப்போவிலும் அப்படித்தான். "வர்றேன், பார்க்கலாமா?" என்பது பார்க்கத்தான் கேள்வி மாதிரி இருக்கிறது. "முடியாது" என்று சொல்ல அதில் இடமே கிடையாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒருத்தி அடித்துச் சொன்னாள், "நேர்ல பார்த்தாதான் அது நட்பு, அதுவரைக்கும் வெறும் சாட்". நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நெட்டில் இருப்பது முகமூடி, நேரில் பார்ப்பதுதான் நிஜ ஆள் என்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. என் குதிரைக்கு மேப் போடச் சொன்ன அக்கா பொய்யா? அவரிடம் தொண்டையில் நிற்கும் வார்த்தைகள் விரலில் நிற்காமல் வருகின்றன, அவ்வளவுதான். நேரில் பார்த்ததால் அவரைப் பற்றிக் கூடுதலாக ஒன்று தெரிந்தது, உண்மைதான். அதற்கு விலை கொடுத்தவர் அவர், நான் இல்லை.

பிளஸ் டூ தமிழ் வகுப்பில் தூங்காதவர்களுக்குப் பிசிராந்தையாரை ஞாபகம் இருக்கும். பாண்டிய நாட்டுப் புலவர், சோழ நாட்டுக் கோப்பெருஞ்சோழன், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை. ராஜா வடக்கிருந்து உயிர்விடப் போகும்போது, அவர் கண்டிப்பாக வருவார் என்று பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொல்கிறார், அவரும் வந்து சேர்கிறார். நாம் "ஆஹா, வந்துட்டார்ல!" என்று அந்தக் கடைசிக் காட்சிக்குக் கைதட்டுகிறோம். அதற்கு முன்னால் பார்க்காமலே கழிந்த அத்தனை வருஷமும் நட்பு இல்லாமலா இருந்தது? அத்தனை காலமும் ஒருத்தருக்கொருத்தர் "எப்ப வர்றீங்க?" என்று தொந்தரவு செய்துகொண்டதாக யாரும் பாடி வைக்கவில்லை :-)

நம் காலத்திலும் ஒருவர் இருந்தார். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் என்ற நோய் அவருக்கு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஐபெலின் என்ற பெயரில் ஓடித் திரிந்தார். கூட ஆடியவர்களிடம் தன் உடம்பைப் பற்றி வருஷக்கணக்கில் மூச்சே விடவில்லை. 2014-இல் தன் 25-ஆவது வயதில் இறந்துபோனார். பிள்ளை தனியாகவே வாழ்ந்து முடித்துவிட்டானே என்று பெற்றவர்கள் நினைத்திருக்க, செய்தி தெரிந்ததும் பல நாடுகளிலிருந்து கடிதங்களாக வந்து குவிந்தன. சிலர் விமானம் ஏறி இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-இல் இதை ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதேன். முன்னாலேயே அவரை நேரில் பார்த்திருந்தால் அவர்கள் எல்லாம் இன்னும் நல்ல நண்பர்களாக இருந்திருப்பார்களா? எனக்குத் தெரிந்து அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்கள். எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவரிடம் இருந்தது. நான் அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அதைத்தான்.

இதனால் யாரும் யாரையும் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. முக்கால்வாசிச் சந்திப்புகள் சுகமாகத்தான் முடிகின்றன, கதை சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். நான் சொல்வது கேட்கும் விதத்தைப் பற்றி. தேதியை நீட்டிக்கொண்டு நிற்காமல், "இந்த மாசம் உங்க ஊர்ப் பக்கம் வர்றேன், எனக்கு வேலை இருக்கு, உங்களுக்குத் தோதுப்பட்டா பார்க்கலாம், இல்லேன்னா வழக்கம்போல இங்கேயே பேசுவோம்" என்று கேட்டிருக்கலாம். பதில் ஒன்றரை நாள் வரவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அவரை இரண்டரை மணி நேரம் ரயிலில் வரவழைத்ததற்குப் பதில்... சரி, ஈப்போவுக்கு நான் போக டூர்க்காரர் விட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் ரயில் டிக்கெட் எவ்வளவு என்றாவது கேட்டிருக்கலாம். கடையில் பில்லையும் அவர்தான் கொடுத்தார். "நீங்க விருந்தாளி" என்று டைப் செய்து காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது.

ஊருக்கு வந்தபிறகு எனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. பாதி ஆட்டம் அப்படியே நின்றது. மூன்று நாள் கெடு முடியப்போகும் நேரத்தில் ஒரு சிப்பாயை நகர்த்தி, "மன்னிச்சிருங்கக்கா" என்று போட்டேன். "எதுக்கு? அந்தச் சிப்பாய் மூவுக்கா? அதுக்கு மன்னிப்பே கிடையாது" என்று பதில் வந்தது.

சமீபத்தில் அக்காவின் சித்தி குடும்பம் மீனாட்சியம்மனைப் பார்க்க மதுரைக்கு வரப்போகிறதாம், கூட அக்காவும். "வர்றேன். பார்க்கலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க, எதுன்னாலும் சரி" என்று எழுதியிருந்தார். கேட்கத் தெரிந்தவர். நான் நாலு தடவை டைப் அடித்து நாலு தடவை அழித்தேன். கடைசியில் "வாங்கக்கா. அம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பினேன்.

பதில் எதுவும் வரவில்லை. ஆனால் பத்தே நிமிஷத்தில் என் ராணிக்கு எதிரே குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.