16-ம் சானலில் யாராவது இருக்கிறார்களா?

கொச்சியில் வைட்டிலாவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. நெடுந்தூரப் பேருந்துகள், மெட்ரோ ரயில், 2023 ஏப்ரலிலிருந்து தண்ணீர் மெட்ரோ என்று எல்லா வழிகளும் வந்து கலக்கும் இடம் அது. அங்கிருந்து காக்கநாட்டுக்குக் கிளம்பும் மின்படகு அரை மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. படகுகளின் போக்கைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையமும் வைட்டிலாவில்தான் இருக்கிறது. இரு பக்கமும் கரை தெரிகிற அந்தக் காயலில், கைக்குள் அடங்கும் ஒரு வயர்லெஸ் செட்டுக்கு இதைவிடச் சுலபமான வேலை கிடைக்காது. பொத்தானை அழுத்திப் பேசினால் பதில் வரும். வராவிட்டால் சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது.

வைட்டிலாவிலிருந்து குண்டன்னூர் பாலத்தைத் தாண்டி மேற்கே சில கிலோமீட்டர் போனால் மட்டாஞ்சேரியை ஒட்டிய தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். அங்கேயும் அதே மாதிரி செட்தான். ஆனால் அதன் தலையெழுத்து வேறு. அங்கிருந்து புறப்படும் ஆழ்கடல் படகுகளில் கணிசமானவை குமரி மாவட்டத்து மீனவர்களுடையவை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் கிராமங்களின் ஆண்கள் பல தலைமுறைகளாகத் தூண்டிலையும் வலையையும் நம்பி நெடுங்கடலுக்குப் போகிறவர்கள். ஊரில் ஆழ்கடல் படகுகளுக்கேற்ற வசதி போதாததால் கொச்சிதான் அவர்களுக்குத் தொழில் துறைமுகம். ஒரு முறை போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். செல்போன் சிக்னல் கரையோடு விடைபெற்றுவிடும். பிறகு பேச்சுத் துணை வயர்லெஸ்தான்.

இந்தச் செட்டின் எல்லை எது என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் காட்டிக்கொடுத்தது. குமரிமுனைக்கு அருகே மிக வேகமாக உருவான புயல் அது. எச்சரிக்கை வந்தபோது படகுகள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தன. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இருக்கவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் வீடு திரும்பவில்லை. படகுகளில் வயர்லெஸ் இருக்கவே செய்தது. ஆனால் இருப்பது வேறு, எட்டுவது வேறு.

ஏன் எட்டவில்லை? பதில் பள்ளிக்கூடக் கணக்கு. கடலில் பயன்படும் விஎச்எஃப் செட்டுகள் 156 மெகாஹெர்ட்ஸும் அதற்குச் சற்று மேலுமான அலைவரிசையில் பேசுகின்றன. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரைத் தேடிப் போகாது. எனவே தூரத்தை முதலில் தீர்மானிப்பது விலையோ வாட்டோ அல்ல, உயரம். ஆன்டெனா கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்க வேண்டும். பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால், அலை போகக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்.

படகின் தளத்தில் நின்றுகொண்டு, நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்திருப்பவர் அதே உயரத்தில் இருக்கும் இன்னொருவரோடு பேசக்கூடிய உச்ச வரம்பு சுமார் 12 கிலோமீட்டர். நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவு. கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் வரம்பு 35 கிலோமீட்டர். 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் சரக்குக் கப்பலோடு சுமார் 28 கிலோமீட்டர். கொச்சிக்கு மேற்கே 35 கடல்மைல் தள்ளி, அதாவது 65 கிலோமீட்டரில், மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு படகிலிருந்து கைச் செட்டில் எவ்வளவு கத்தினாலும் கரைக்குக் கேட்காது. கேட்கக்கூடியவர்கள் இரண்டே பேர்தான்: பக்கத்தில் இருக்கும் இன்னொரு படகு, அல்லது அந்த வழியாகப் போகும் முகம் தெரியாத ஒரு கப்பல். இந்தக் கணக்கு மனதில் பதிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

செட்டைத் தயார் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பாட்டரியை முழுதாக சார்ஜ் செய்ய வேண்டும். ஆன்டெனாவைத் திருகி மாட்டாமல் பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது. வெளியேற வழியில்லாத சக்தி செட்டின் உள்ளே இருக்கும் உறுப்புகளையே பதம் பார்த்துவிடும். அடுத்தது ஸ்குவெல்ச். காதைத் துளைக்கும் இரைச்சலை அடக்கும் திருகு அது. இரைச்சல் எந்த இடத்தில் அடங்குகிறதோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நிம்மதியாக இருக்கட்டும் என்று இன்னும் இறுக்கினால் தொலைவிலிருந்து வரும் பலவீனமான குரலும் அடங்கிவிடும். உதவி கேட்கும் குரல் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

கைச் செட்டுகளில் பொதுவாக 1 வாட், 5 வாட் என்று இரண்டு அளவுகள் இருக்கும். பக்கத்துப் படகோடு பேச 1 வாட் போதும். கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசும்போதுதான் பாட்டரி கரைகிறது. படகில் நிலையாகப் பொருத்தும் செட்டுக்கு 25 வாட் உண்டு, ஆன்டெனாவையும் பாய்மர உயரத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் படகு கவிழ்ந்தால் அந்தச் செட்டும் இஞ்சினின் பாட்டரியும் சேர்ந்தே முழுகும். தண்ணீரில் மிதப்பவனின் கையில் மிஞ்சுவது உறையில் கட்டிய கைச் செட் மட்டுமே. அதனால்தான் இரண்டும் வேண்டும்.

பேசுவதற்கு முன் கேட்பது முதல் ஒழுங்கு. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் அழுத்தினால் இருவர் பேச்சும் குழறும். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்து, செட்டை நிமிர்த்திப் பிடித்து, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கத்தாமல் பேச வேண்டும். முடித்ததும் ‘ஓவர்’ சொல்லிப் பொத்தானை விட வேண்டும். மூட்டைகளுக்கு நடுவே சிக்கி அழுந்திக் கிடக்கும் ஒரே ஒரு பொத்தான், சுற்றியுள்ள அத்தனை படகுகளின் வாயையும் கட்டிப்போடப் போதும்.

இதுவரை சொன்னதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். எந்தச் சானலில், எந்த மொழியில் என்பதுதான் கஷ்டமான பகுதி.

உலகக் கடல்கள் முழுவதிலும் ஆபத்துக்கும் அழைப்புக்கும் என்று ஒதுக்கப்பட்டது 16-ம் சானல், 156.8 மெகாஹெர்ட்ஸ். கப்பல்களின் மேல்தளத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது சர்வதேச நடைமுறை. நம் மீன்பிடிப் படகுகளின் வழக்கம் வேறு. ஒரே ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஒரு சானலைப் பேசி வைத்துக்கொண்டு அதிலேயே இருப்பார்கள். மீன் எங்கே கிடைக்கிறது, ஐஸ் எவ்வளவு மிச்சம், ஊரில் யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அதில் ஓடும். இதில் தப்பில்லை. வாரக்கணக்கில் தண்ணீரை மட்டுமே பார்த்திருப்பவர்களுக்கு அந்தப் பேச்சுதான் ஊர். ஆபத்து நேரத்தில் ஊர்க்காரன்தான் முதலில் ஓடியும் வருவான். ஆனால் வழியில் குறுக்கிடும் கப்பல் 16-ல் கூப்பிடுகிறது, படகு இன்னொரு சானலில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறது என்றால், இரண்டுமே வேலை செய்கிற செட்டுகள் ஒன்றுக்கொன்று ஊமை.

கொச்சிக் கடல் கப்பல் போக்குவரத்து நெரிசல் மிகுந்த பாதைகளுக்கு அருகில் இருக்கிறது. 2017 ஜூன் 11 அதிகாலையில் கொச்சிக்கு அப்பால் நின்றிருந்த ‘கார்மல் மாதா’ படகின்மீது பனாமா கொடி தாங்கிய ‘ஆம்பர் எல்’ சரக்குக் கப்பல் மோதியது. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன ‘ஓஷனிக்’ படகை ஒரு கப்பல் இடித்து உடைத்தது. பலியானவர்களில் குமரி மாவட்டத்தினரும் இருந்தனர். தூங்குகிறவனை வயர்லெஸ் காப்பாற்றாது. கப்பல்காரர்கள் பாராமல் இருந்தால் அதற்கு வயர்லெஸ் பரிகாரமும் அல்ல. ஆனால் இரவில் ஒருவர் விழித்திருந்து, செட் 16-ல் இருந்து, ‘உன் முன்னால் ஒரு படகு நிற்கிறது’ என்று கப்பலுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால், அது ஒரு வாய்ப்பு. பல செட்டுகளில் ஊர்ச் சானலையும் 16-ஐயும் மாறிமாறிக் கேட்கும் ‘டூயல் வாட்ச்’ வசதி இருக்கிறது. ஊர்ப் பேச்சை விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஒரு பொத்தான்தான்.

புரிகிற மாதிரி என்பதில்தான் மொழி வருகிறது. கச்சான் அடிக்கிறது என்றால் தூத்தூருக்குப் புரியும். அயல்நாட்டுக் கப்பலில் கடமையில் இருக்கும் ஃபிலிப்பினோ மாலுமிக்குப் புரியாது. கொச்சிப் படகுகளில் இப்போது அசாமியரும் வங்காளிகளும்கூட வேலை செய்கிறார்கள். ஒரே படகுக்குள்ளேயே மூன்று மொழிகள். இந்தக் குழப்பம் உலகத்துக்கே உண்டு. அதனால்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் கடல் பேச்சுக்கென்று எளிய ஆங்கில வாக்கியங்களின் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. ‘மேடே’ என்ற அபயக் குரலும் இப்படி ஒரு மொழிச் சிக்கலில் பிறந்ததே. 1920-களில் லண்டன் அருகே க்ராய்டன் விமான நிலையத்தில் இருந்த வானொலி அதிகாரி ஃப்ரெடரிக் மாக்ஃபர்ட், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே பறந்த விமானிகள் இரு தரப்பினருக்கும் புரிய வேண்டுமே என்று ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஓசையை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுக்காரனுக்கும் ஆங்கிலேயனுக்கும் ஒத்துவந்த சொல் நீரோடி மீனவருக்கு வராமலா போகும்?

மனப்பாடம் செய்ய வேண்டியது அதிகமில்லை. 16-ம் சானல், முழு வாட். மேடே, மூன்று முறை. படகின் பெயர், மூன்று முறை. பிறகு ‘மேடே’யும் படகின் பெயரும் ஒரு முறை. ஜிபிஎஸ் காட்டும் இடம். என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர். ஓவர். இதில் மிக முக்கியமானது இடம். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். எழுபதும் எண்பதும் காற்றிரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ஏழு, சைபர் என்றால் சந்தேகமில்லை. ஆங்கிலத்தில் ஃபைவும் நைனும் குழம்புகின்றன என்பதால் கடல்காரர்கள் ஒன்பதை ‘நைனர்’ என்கிறார்கள். பதில் வராவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். வேறு யாராவது கூப்பிடுவது கேட்டு, அவருக்குக் கரையோ கப்பலோ பதில் சொல்லவில்லை என்றால், கேட்டவர் அதை ‘மேடே ரிலே’ என்று முன்னே தள்ளிவிட வேண்டும். 12 கிலோமீட்டர் மட்டுமே எட்டும் குரல், படகுக்குப் படகு கை மாறினால் 100 கிலோமீட்டரும் போகும்.

கரையில் எந்தச் செட்டை வாங்குவது என்பதிலும் ஜாக்கிரதை தேவை. 446 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு 2018-லிருந்து இந்தியாவில் உரிமம் வேண்டாம். கல்யாண மண்டபத்துக்கு அது சரி. கடலில் எந்தக் கப்பலும் அதைக் கேட்பதில்லை. கடலுக்கான விஎச்எஃப் செட்டுக்கு உரிமம் உண்டு, விதிகள் உண்டு. இணையக் கடைகளில் அனுமதியில்லாத செட்டுகள் தாராளமாக விற்றதால் 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கென்று தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட வேண்டி வந்தது.

ஒக்கிக்குப் பிறகு அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் ‘ஜெமினி’ கருவி 2019-ல் அறிமுகமானது. படகிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து படகுக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. கரை எட்டாத தூரத்துக்கு இதுதான் சரியான மருந்து. ஆனால் வானத்துக்குப் போய்க் கரைக்கு வரும் செய்தி, அரை மைலில் நேராக வந்துகொண்டிருக்கும் கப்பலின் மாலுமியை உலுக்காது. பக்கத்தில் இருப்பவனோடு பேச இன்னும் பழைய வயர்லெஸ்தான்.

கருவிக்கு மானியம் கொடுப்பது சுலபம். கணக்குக் காட்டலாம், படம் எடுக்கலாம். பழக்கத்துக்கு மானியம் கிடையாது. ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது கேரளக் கரையில் படகுகள் 52 நாட்கள் கட்டிக் கிடக்கின்றன. அந்த நாட்களில் ஒரு மாலையைத் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் ‘மேடே’ சொல்லிப் பழகுவதற்கு ஒதுக்கலாம். மீன்வளத் துறை, கடலோரக் காவல்படை, படகு உரிமையாளர் சங்கம் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். செலவு ஒரு டீக்கடைக் கணக்கைத் தாண்டாது. 16-ம் சானலில் ஒருவன் கூப்பிடும்போது அதைக் கேட்க அங்கே ஒரு ஆள் இருப்பார்.