சூத்திரமும் உரையும்

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள் 5 − 2அ > 11 என்னும் அசமன்பாட்டைத் தீர்த்து, அ > −3 என்று எழுதியிருந்தாள். 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்னும் வாய்பாட்டை அவள் வழுவாமல் பின்பற்றியிருந்தாள், விடைதான் வழுவாகிவிட்டது. அ-வுக்கு 0 இட்டுப் பார்க்கச் சொன்னேன். 5 > 11 என்று வந்தது. திகைத்துப்போனாள்.

உண்மையில் எந்த எண்ணும் பக்கம் மாறுவதில்லை. இருபுறமும் 5-ஐக் கழிக்கிறோம். −2அ > 6 ஆகிறது. பிறகு இருபுறத்தையும் −2 ஆல் வகுக்கிறோம். அப்போது திசை திரும்பி அ < −3 ஆகிறது. ஏன் திரும்புகிறது? கையிருப்பில் 2 ரூபாயைவிட 3 ரூபாய் பெரிது. கடனென்று வந்துவிட்டால் 3 ரூபாய் கடன்பட்டவனே கீழே நிற்கிறான். குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் கையிருப்பு கடனாகிறது, கடன் கையிருப்பாகிறது, வரிசையும் தலைகீழாகிறது.

இவ்வளவுதான் காரணம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடித்து, ஆண்டு முழுதும் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். பிள்ளைகளோ தமக்குக் கணக்கு வராது என்று நம்பிவிடுகிறார்கள்.

நன்னூலை உரையின்றி மனப்பாடம் செய்தவர்கள் இலக்கணத்தை வெறுத்ததை என் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். கணித ஆசிரிய நண்பர்களே, சூத்திரத்தோடு உரையையும் சொல்லுங்கள்.