வீடு வாங்க முன் மார்கழியிலும் பாருங்கள், ஆடியிலும் பாருங்கள்



தை பிறந்ததும் ஊரெங்கும் காணி, வீடு வாங்கும் பேச்சுத் தொடங்கிவிடும். மார்கழி கூடாது, ஆடி கூடாது, தையிலோ ஆவணியிலோ நல்ல நாள் பார்த்து எழுதுவோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுதுவதற்கு நல்ல நாள் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் எழுதுவதற்கு நல்ல மாதம் வேறு, காணியைப் பார்ப்பதற்கு நல்ல மாதம் வேறு. இம்முறை அதைப்பற்றியும், வாங்கும்போதும் வாங்கிய பின்னரும் நாம் செலுத்த வேண்டிய வரிகளைப் பற்றியும் பேசுவோம்.

எமது பெண்களின் கையில் இருக்கும் பணம் இலகுவில் சேர்ந்ததல்ல. தாலிக்கொடியை விற்ற காசு, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு, மாதர் சங்கச் சீட்டுக் காசு, கணவனுக்கோ பிள்ளைக்கோ கிடைத்த நட்டஈடு என்று அது பல வழிகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. ஒருமுறை பிழைத்துப்போனால் மறுமுறை சேர்வது கடினம். ஆகவே அவசரம் வேண்டாம்.

எப்போது பார்ப்பது?

வடகீழ்ப் பருவ மழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் காணியை ஒருமுறை போய்ப் பாருங்கள். வெள்ளம் எங்கே நிற்கிறது, எவ்வளவு நாள் நிற்கிறது, மலசலகூடக் குழி நிரம்பி வழிகிறதா, வீதியிலிருந்து வீட்டுக்கு நடந்து போக முடிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். 2008 நவம்பரில் வந்த நிஷா புயல், 2020 டிசம்பரில் வந்த புரெவி, 2025 நவம்பரில் வந்த டித்வா ஆகியவற்றின்போது இந்த வளவில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்று அயல் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அயலவர் சொல்வார்கள். சுவரில் உள்ள ஈரக்கோடும் சொல்லும்.

பின்னர் ஆடியில் ஒருமுறை போங்கள். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, உவர் ஏறியிருக்கிறதா என்று அள்ளிக் குடித்துப் பாருங்கள். மாரியில் நல்ல தண்ணீராக இருக்கும் கிணறு கோடையில் உவராவது குடாநாட்டிலும் கரையோரக் கிராமங்களிலும் நாம் அறிந்த விடயம். தண்ணீருக்காகத் தினமும் குடத்தோடு நடக்கப்போவது வீட்டுப் பெண்தான். ஆகவே கிணற்றைப் பார்க்கும் வேலையை ஆண்களிடம் விட்டுவிடாதீர்கள்.

இன்னுமொரு நன்மையும் உண்டு. மார்கழியிலும் ஆடியிலும் எமது ஆட்கள் உறுதி எழுதுவது குறைவு. கேட்டு வருபவர் குறைந்த காலத்தில் விலை பேசுவது எளிது. வெளிநாட்டு உறவுகள் விடுமுறையில் வந்து நிற்கும் நாட்களில் அதே காணிக்குப் பலர் போட்டியிடுவார்கள். பார்ப்பதையும் பேசுவதையும் அந்த இரண்டு மாதங்களில் செய்துவிட்டு, எழுதுவதை நல்ல மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது யாருடைய காணி?

தரகர் காட்டும் உறுதிப் பிரதியை மட்டும் நம்ப வேண்டாம். காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கச் சொல்லுங்கள். காணி வேறு யாருக்கும் ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, இன்னும் எத்தனை பேர் பங்காளிகள் என்பது அங்கே தெரியும். தேசவழமையின் கீழ் வரும் காணியாயின் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கினால் பின்னர் வழக்கு வரக்கூடும்.

வெளிநாட்டில் இருப்பவரின் காணியை இங்குள்ள ஒருவர் அற்றோர்ணித் தத்துவத்தைக் கொண்டு விற்பது வடக்கிலும் கிழக்கிலும் சாதாரணமாகிவிட்டது. அந்தப் பத்திரம் பதியப்பட்டுள்ளதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கட்டாயம் விசாரியுங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அத்துடன் முடிந்துவிடும்.

வன்னியில் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணிகள். அனுமதிப்பத்திரக் காணியைக் கடுதாசியில் எழுதிக் கையொப்பமிட்டு வாங்கினால் அது உங்களுடையதாகாது. முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேளுங்கள். எனது வேலையில் இப்படி ஏமாந்த சகோதரிகளைச் சந்தித்திருக்கிறேன். ஒருவர் நான்கு ஆண்டுகள் குவைத்தில் உழைத்த பணத்தைக் கொடுத்து வாங்கிய காணிக்கு அவரிடம் இருந்தது ஒரு முத்திரை ஒட்டிய கடுதாசி மட்டுமே. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதை ஏன் அப்போது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?" அந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

இந்தச் சட்டத்தில் நமக்கு நன்மையான மாற்றம் ஒன்றும் வந்திருக்கிறது. முன்னர் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத அனுமதிப்பத்திரக் காணிகளில் மகன்மாருக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. மகள்மாருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

உறுதி யார் பெயரில்?

"தனியாக இருக்கிறாய், தம்பியின் பெயரில் எழுதினால் பாதுகாப்பு" என்று வீட்டில் சொல்வார்கள். அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் தம்பிக்கும் நாளை குடும்பம், கடன், வழக்கு வரும். உங்கள் காசில் வாங்கும் காணி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஒரு பெண் தன் பெயரில் காணி வாங்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

விற்பதுதான் சிக்கலாக இருந்து வந்திருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் கைவிட்டிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறவும் அதே சட்டம் வழி வைத்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்கு இது முக்கியம். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்கள் "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" பெறலாம். கணவன் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாக அது அமையாது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ்ப் பெண்களுக்குத் தேசவழமை இல்லை. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி அவர்கள் தம் காணியைத் தாமே விற்கலாம்.

உங்கள் விடயத்தில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். காசு கொடுத்துக் கேட்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.

என்னென்ன வரி?

காணி மாற்றும்போது முத்திரை வரி கட்ட வேண்டும். பொதுவாக நடைமுறையில் உள்ள வீதம், முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 12 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினால் 3,000 ரூபாவும் 44,000 ரூபாவுமாக 47,000 ரூபா. இதை வாங்குபவரே செலுத்துவது வழக்கம். நன்கொடை உறுதிக்கு வரி குறைவு. முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 2 வீதம். அதே காணியை மகளுக்கு நன்கொடையாக எழுதினால் 24,500 ரூபா. இது மாகாணத்துக்குரிய வரி என்பதால் வீதம் மாறலாம், எழுத முன் கேட்டுக்கொள்ளுங்கள். நொத்தாரிசுக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இதற்குப் புறம்பானவை. ஆகவே காணி விலைக்கு மட்டும் காசு சேர்த்துவிட்டு முற்பணம் கொடுக்காதீர்கள்.

வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்று சிலர் சொல்வார்கள். வரி கணிக்கப்படுவது காணியின் பெறுமதிக்கு. பின்னர் மாகாண இறைவரித் திணைக்களத்திலிருந்து குறைப் பணம் கேட்டுக் கடிதம் வரும். பிணக்கு வந்தால் நீங்கள் கொடுத்த முழுத் தொகைக்கும் உறுதி சாட்சி சொல்லாது.

அடுத்தது, யாழ்ப்பாணத்தில் சோலைவரி என்று சொல்லும் ஆதனவரி. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியன இதை அறவிடுகின்றன. விற்பவரிடம் கடைசிப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பழைய நிலுவை காணியோடேயே வரும். எழுதிய பின் சபை அலுவலகத்தில் பெயரை மாற்றுங்கள். ஆனால் வரிச் சீட்டு உரிமைக்கு அத்தாட்சி அல்ல, உறுதியே அத்தாட்சி. ஒரு வருட வரி முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும். காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். வீட்டின் ஆண்டுப் பெறுமதி கூட்டப்பட்டதாக அறிவித்தல் வந்தால், அதில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபணை தெரிவிக்கலாம்.

வரியைத் தீர்மானிப்பவர் யார்?

சில நாடுகளில் வரியையே மக்கள் வாக்குக்கு விடுகிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1978இல் மக்கள் வாக்களித்து, வீட்டு வரி மதிப்பிட்ட பெறுமதியின் 1 வீதத்துக்கு மேற்படக்கூடாது என்று தீர்மானித்தார்கள். வரி குறைந்தது. பாடசாலைகளுக்கும் ஊர்ச் சேவைகளுக்கும் கிடைத்த உள்ளூர் வருமானமும் கூடவே குறைந்தது. வரி குறைவதில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு என்பதை அங்குள்ளவர்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

இலங்கையில் வரிக்கென்று நேரடி வாக்கு இல்லை. சபை உறுப்பினர்களே வரவு செலவுத் திட்டத்தில் வாக்களிக்கிறார்கள். அந்த உறுப்பினர்களை நாம் தெரிவு செய்கிறோம். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில்தான் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. 2025 மே 6ஆம் திகதி மீண்டும் தேர்தல் நடந்தது. உங்கள் சபையிலும் ஒரு பெண் உறுப்பினர் இருப்பார். அவரைச் சந்தியுங்கள்.

காணி மாற்றத்தில் அறவிடப்படும் முத்திரை வரி, காணி இருக்கும் பிரதேச சபைக்கே வழங்கப்பட வேண்டியது. நீங்கள் கட்டிய 47,000 ரூபா உங்கள் ஒழுங்கைக்கு விளக்காகவும் வாய்க்காலாகவும் திரும்பி வரவேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசிச் சேர்ந்து கடிதம் கொடுங்கள். வரவு செலவுத் திட்டம் நிறைவேறுவது ஆண்டின் இறுதியில். ஆகவே ஐப்பசியிலேயே கேட்பது நல்லது.

மார்கழியில் வெள்ளம் பார்த்து, ஆடியில் கிணறு பார்த்து, தோம்பு பார்த்து, வரிக்கும் காசு ஒதுக்கி, உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை. பலமுறை இடம்பெயர்ந்த எமக்கு, இனி எவரும் எழுப்பிவிட முடியாத ஒரு வாசற்படி வேண்டும்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.