பெயரும் பொத்தானும் ஒரே பார்வையில்

வங்கிக் கவுன்டரில் சலானை நீட்டுவதற்கு முன் ஒருமுறை அதை முழுதாகப் பார்த்துக்கொள்வது நம் அனைவருக்கும் வழக்கம். பெயர், கணக்கு எண், தொகை, கையொப்பம் யாவும் அச்சிறு தாளில் ஒருசேரக் கண்ணில் படும். இணைய வங்கிச் சேவையைக் கைப்பேசியில் திறக்கும்போது இவ்வசதி பல நேரங்களில் நழுவிவிடுகிறது. மேலே பெறுபவரின் பெயர், இடையே அறிவிப்புகள், விரலால் தள்ளித் தள்ளிச் சென்றால் அடியில் ‘உறுதிசெய்க’ என்னும் பொத்தான். பொத்தான் தெரியும்போது பெயர் மறைந்திருக்கும்.

இதை வெறும் அழகுக் குறை என்று ஒதுக்க இயலாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைக் கொண்டே. எண்ணில் ஏற்படும் பிழை, பணத்தை அந்நியர் ஒருவரின் கணக்கில் சேர்த்துவிடலாம். அவரது இசைவின்றி அதை மீட்பது கடினம். எனவேதான், பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வழங்குமாறு வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவுறுத்தியது. பெயரைப் பக்கத்தில் எங்கோ காட்டிவிட்டால் அதன் நோக்கம் நிறைவேறாது. பொத்தானை அழுத்தும் கணத்தில் அது கண்முன் இருக்க வேண்டும்.

திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தன்னைத்தானே அடுக்கிக்கொள்ளும் வடிவமைப்பு முறையை ஈத்தன் மார்காட் 2010-இல் பெயரிட்டு விளக்கினார். இன்று அது எங்கும் பரவிவிட்டது. கணினியில் அருகருகே நிற்கும் பத்திகள் கைப்பேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். கணினியில் பொத்தானுக்கு அருகே இருந்த பெயர், கைப்பேசியில் இரண்டு திரை தள்ளிப் போய்விடுகிறது. எது முதலில், எது அடுத்து என்பதை மென்பொருள் தானாக அறியாது. அதைத் தொழில்நுட்பப் பிரிவிடம் மட்டும் விட்டுவிடாமல், கவுன்டரில் பணியாற்றியவர்களும் உடனிருந்து முடிவுசெய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எழுத்தளவும் மொழியும்கூட இதில் அடங்கும். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன வலைப்பக்க அணுகல்தன்மைக்கான பன்னாட்டு நெறிமுறைகள். முதிய வாடிக்கையாளர் பலருக்கு இது இன்றியமையாதது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடங்கும் பொத்தான், தமிழில் இரு வரிகளைக் கேட்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த பக்கம், தமிழில் பாதி எழுத்து வெட்டுண்டு நிற்பது இதனால்தான்.

பெயர், தொகை, கணக்கு எண்ணின் இறுதி இலக்கங்கள், பொத்தான் ஆகிய நான்கும் ஒரே திரையில் அமையட்டும். பிற யாவும் அவற்றின் பின்னே வரட்டும். அந்நிலை வரும்வரை, பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை மேலே சென்று பெயரைப் படித்துவிடுங்கள். அவ்வாறு மேலும் கீழும் அலைய நேர்ந்தால், அதை உங்கள் கிளையில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பக்கத்தைத் திருத்துவது எங்கள் கடமை. எங்கே இடறியது என்று காட்டக்கூடியவர்கள் நீங்களே.